பள்ளிச் சந்தையில் ஒரு ஸ்டால்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளிச் சந்தையில் ஸ்டால் போட்டு மாணவர் மன்றத்துக்கு நிதி திரட்டுவது பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்திருக்கிறோம். கணக்குகளில் வரும் தொகைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் நாணயத்தை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் அறிவியல் மன்றத்துக்கு ஒரே ஒரு மேஜைதான் ஒதுக்கியிருக்கிறார்கள். சந்தை 4 மணி நேரம் நடக்கும். எதை வைத்தால் அதிகம் சேரும்?

விலையை யோசிக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். 4 மணி நேரம் என்பது 240 நிமிடம். ஒருவரைக் கவனித்து அனுப்ப 5 நிமிடம் பிடிக்கிற ஸ்டாலில், வரிசை அறுபடாமல் நின்றாலும் 48 பேருக்கு மேல் முடியாது. 40 விநாடியில் முடிகிற ஸ்டாலில் அதே நேரத்தில் 360 பேர் வந்து போகலாம். நடைமுறையில் முதல் அரை மணி நேரம் ஸ்டால் காற்று வாங்கும். மேடையில் நிகழ்ச்சி தொடங்கினால் கூட்டம் அந்தப் பக்கம் போய்விடும். அதனால் இரண்டையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்: 24 பேர், 180 பேர். முதல் ஸ்டால் இரண்டாவதற்கு ஈடுகொடுக்க வேண்டுமானால் ஏழரை மடங்கு கட்டணம் வைக்க வேண்டும். பிள்ளைகள் கையில் அவ்வளவு காசு இருக்காது.

அறிவியல் மன்றங்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். ‘நீயே செய்து பார்’ என்று ஸ்லைம் செய்ய வைப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆளுக்கு 10 நிமிடம் ஆகும், மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள், காசு தரத் தயாராக வந்தவர் திரும்பிப் போய்விடுவார். அதே பொருட்களை முதல் நாளே அளந்து, சிறு பைகளில் கட்டி, செய்முறைச் சீட்டோடு விற்றால் ஒரு விற்பனைக்கு அரை நிமிடம் போதும்.

நேரம் எங்கே வீணாகிறது என்று பார்த்தால், இரண்டு இடங்கள்: சில்லறை தேடுவது, விதியை வாயால் விளக்குவது. சில்லறைக்கு வழி கீழே வருகிறது. விதியை மூன்றே வரியில் அட்டையில் எழுதி, மேஜைக்கு மேலே, தலை மறைக்காத உயரத்தில் தொங்கவிடுங்கள். எழுத்து 5 செ.மீ. உயரம் இருந்தால் 6 மீட்டர் தூரத்திலிருந்து சிரமமில்லாமல் வாசிக்கலாம். வரிசையில் நிற்பவர் தன் முறை வருவதற்குள் படித்துமுடித்திருப்பார்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சந்தைக்கு ஒரு வாரம் முன் 10 பேரை வரிசையில் நிறுத்தி ஸ்டாப்வாட்சோடு ஒத்திகை பாருங்கள். காசு வாங்குவது உட்பட. மனக்கணக்கில் ஒரு நிமிடம் என்று போட்டது ஒத்திகையில் இரண்டேகால் நிமிடம் ஆவது சாதாரணம்.

டப்பா அடுக்கிப் பந்தால் அடிக்கும் விளையாட்டு வைத்தோம். ஒரு மணி நேரத்தில் பரிசுப் பொருள் முழுவதும் தீர்ந்துவிட்டது. கூட்டம் வந்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லை. என்ன தவறு?

கட்டணத்தையும் பரிசின் விலையையும் பார்த்திருப்பீர்கள். எத்தனை பேருக்கு ஒருவர் ஜெயிப்பார் என்பதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஓர் ஆட்டத்துக்குக் கட்டணம் 10, பரிசின் அடக்க விலை 12 என்று வையுங்கள். நால்வரில் ஒருவர் ஜெயித்தால் ஓர் ஆட்டத்துக்குப் பரிசுச் செலவு 3, மன்றத்துக்கு 7 நிற்கும். நால்வரில் மூவர் ஜெயித்தால் பரிசுச் செலவு 9, நிற்பது 1. அதோடு, நூறு ஆட்டத்துக்கு 25 பரிசு போதும் என்று வாங்கி வைத்திருந்தால் 34-ஆவது ஆட்டத்தோடு கடையை மூட வேண்டியதுதான். பரிசுச் செலவு வசூலில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விகிதத்தை யூகிக்க முடியாது, ஆடித்தான் பார்க்க வேண்டும். ஆறு டப்பாக்களைக் கீழே 3, நடுவில் 2, மேலே 1 என்று அடுக்குங்கள். ஆளுக்கு மூன்று வீச்சு, ஆறும் மேஜையைவிட்டு விழுந்தால் பரிசு. 3 மீட்டரில் கோடு போட்டு 50 ஆட்டம் ஆடவிடுங்கள். ஆடுகிறவர்கள் சந்தைக்கு வரப்போகும் வயதுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். மூன்று நாளாக எறிந்து பழகிய உங்கள் மன்ற உறுப்பினர்கள் இந்தச் சோதனைக்கு உதவ மாட்டார்கள். 50-இல் 12, 13 பேர் ஜெயித்தால் சரியான இடம். 30 பேர் ஜெயித்தால் கோட்டை அரை மீட்டர் பின்னால் தள்ளி மறுபடி ஆடுங்கள். நான்கைந்து பேர்தான் ஜெயித்தார்கள் என்றால் முன்னால் கொண்டுவாருங்கள். யாரும் ஜெயிக்காத ஆட்டத்துக்கு அரை மணி நேரத்தில் கெட்ட பெயர் வந்துவிடும், பிறகு வரிசையே இருக்காது. சின்னப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு கிட்டத்துக் கோடு போடுவதை மறக்காதீர்கள்.

கீழ் டப்பாவில் ரகசியமாக மணல் போட்டுக் கனமாக்கும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். ஒரு பையன் டப்பாவைத் தூக்கிப் பார்த்துவிட்டால் மன்றத்தின் பெயர் கெடும். கஷ்டத்தைக் கூட்ட வேண்டுமானால் எல்லோரும் பார்க்கும்படி தூரத்தைக் கூட்டுங்கள்.

எறிவதற்கு டென்னிஸ் பந்து வேண்டாம். டப்பாவில் பட்டு எகிறி வரிசையில் நிற்பவர் முகத்துக்கு வரும், உருண்டு போனதைத் தேடவே ஓர் ஆள் வேண்டும். பழைய சாக்ஸில் 100 கிராம் தானியம் போட்டு முடிச்சுப் போட்டுத் தைத்துவிட்டால் விழுந்த இடத்திலேயே கிடக்கும். முடிச்சு மட்டும் போதாது, பத்துப் பதினைந்து வீச்சில் தளர்ந்து தானியம் கொட்டும், தையலும் வேண்டும். டப்பாவின் வெட்டு விளிம்பைத் தட்டி மடக்கி மேலே டேப் ஒட்டுங்கள். பின்னால் கெட்டித் துணி ஒன்றைத் தொங்கவிட்டால் டப்பா தூரமாக ஓடாது. அடுக்க ஆகும் நேரம்தான் இந்த ஆட்டத்தின் எதிரி. இரண்டு அடுக்கு வைத்து, ஒன்றில் எறியும்போது மற்றதை அடுக்கினால் வரிசை இரண்டு மடங்கு வேகமாக நகரும்.

சீட்டு எடுத்துப் பரிசு தரும் ஸ்டாலில் எந்தச் சீட்டுக்கு எந்தப் பரிசு என்று பட்டியலைத் தேடுவதிலேயே நேரம் போகிறது. எளிய வழி உண்டா?

0, 5 ஆகிய எண்களில் முடியும் சீட்டுக்கு மட்டும் பரிசு. பட்டியலே தேவையில்லை. 1 முதல் 400 வரை சீட்டு என்றால் அப்படி முடிபவை சரியாக 80. ஐந்தில் ஒருவருக்குப் பரிசு. 80 பரிசுகளிலும் 5, 10, 15 என்று எண்ணை ஒட்டி, அதே வரிசையில் மேஜையில் அடுக்குங்கள். 235 என்று எடுத்தவருக்குப் பொருளை எங்கே தேட வேண்டும் என்று கண்ணே சொல்லிவிடும். ஒட்டும்போது பெரிய பரிசுகளை எண்களில் கலந்து பரப்புங்கள்.

தவறும் இடங்கள் மூன்று. சீட்டுகளை மடிக்கும்போது வரிசையாக மடித்து வாளியில் கொட்டினால் அடுத்தடுத்த எண்கள் ஒட்டிக்கொண்டே கிடக்கும். பெரிய பையில் போட்டுக் குலுக்கிவிட்டு வாளிக்கு மாற்றுங்கள். இரண்டாவது, சில சீட்டுகள் மட்டும் தடித்த தாளாக இருந்தால் விரலே கண்டுபிடித்துவிடும். மூன்றாவது, கூட்டத்துக்கு மீறி சீட்டு அடிப்பது. 400 சீட்டில் 250 மட்டும் விற்றால் ஏறக்குறைய 30 பரிசு மிஞ்சும். நன்கொடையாக வந்த பொருள் என்றால் பரவாயில்லை, காசு போட்டு வாங்கியது என்றால் நஷ்டம். அதனால் இந்த ஸ்டாலுக்குப் பரிசை வாங்காதீர்கள். ஒரு மாதம் முன்பே வீடுகளிலிருந்து புதிய, பிரிக்காத பொருளாகக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: அதிர்ஷ்டச் சீட்டுக்குப் பல இடங்களில் சட்டக் கட்டுப்பாடு உண்டு. பள்ளிக்குள் நடப்பதால் விலக்கு என்று நீங்களாக முடிவுசெய்யாமல் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

ஜாடியில் எத்தனை கோலிக்குண்டு என்று கேட்கும் போட்டி நியாயமானதுதானா? கணக்குப் போடத் தெரிந்தவன் ஜெயித்துவிடுவானே?

ஜெயிக்கட்டுமே, கணக்குப் போட்டதற்கு ஒரு பரிசு! ஆனால் அவ்வளவு சுலபமும் இல்லை. 16 மி.மீ. கோலி ஒன்றின் கன அளவு சுமார் 2.14 கன செ.மீ. 3 லிட்டர் ஜாடியில் இடைவெளி போகக் கோலி அடைப்பது ஏறத்தாழ 60 சதவீதம். அப்படியானால் 840-ஐ ஒட்டி வரும். ஆனால் அந்த 60 என்பது 57 ஆனாலே 40 கோலிக்கு மேல் குறைந்துவிடும். எளிதாக இருக்கிறது என்று தோன்றினால் இரண்டு அளவுக் கோலிகளைக் கலந்து, இடுப்பு ஒடுங்கிய ஜாடியில் போடுங்கள். கணக்குப் புலி கொஞ்சம் திணறும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது எண்ணிக்கை. இருவர் தனித்தனியாக, பத்துப் பத்தாகக் குவித்து எண்ணி, இரண்டு விடையும் ஒத்துப்போன பிறகே ஜாடியை மூடி டேப் ஒட்டுங்கள். விடையை உறையில் போட்டு, பொறுப்பாசிரியரிடம் கையெழுத்தோடு கொடுத்துவிடுங்கள். இருவர் ஒரே எண் சொன்னால் முதலில் சொன்னவருக்கு என்று அட்டையிலேயே எழுதிவையுங்கள். நோட்டில் பெயர், வகுப்பு, நேரம், யூகம் போதும். ஆளுக்கு 20 விநாடி, ஒரே ஒரு பரிசு. தனி ஸ்டாலாக வைத்தால் தாங்காது, வேறு ஸ்டாலின் மேஜை ஓரத்தில் வைத்தால் சும்மா கிடைக்கும் காசு.

பழச்சாறும் சோளப் பொரியும் விற்கப் போகிறோம். 150 பேருக்கு எவ்வளவு தயார் செய்ய வேண்டும்?

200 மி.லி. கப்பை விளிம்புவரை நிரப்ப முடியாது. 180 மி.லி. என்று வைத்து, அதில் மூன்றில் ஒரு பங்கு ஐஸ் போனால் சாறு 120 மி.லி.தான். 150 கப்புக்கு 18 லிட்டர், சிந்துவதற்கும் அடித் தங்கலுக்கும் சேர்த்து 20 லிட்டர். கப்புக்கு 55 கிராம் வீதம் ஐஸ் 8 கிலோவுக்குச் சற்று மேல். உருகிப்போவதையும் சேர்த்து 14, 15 கிலோ எடுத்துவையுங்கள். ஐஸ் கரைந்தால் சாறு நீர்த்துப்போகும், எனவே கலக்கும்போது குடிக்கும் பதத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாகக் கலக்குங்கள். பாட்டில்களைக் குளிர வைத்திருக்கும் ஐஸை எடுத்துக் கப்பில் போடக் கூடாது. கையாலோ கப்பாலோ அள்ளவும் கூடாது, அதற்கென்று கரண்டி இருக்கட்டும்.

பொரிக்கு 1 கிலோ பொரிச்சோளம் நல்ல இயந்திரத்தில் 40 லிட்டர் வரை பொரியும். பாத்திரத்தில் பொரித்தால் 35 லிட்டர் என்றே கணக்கிடுங்கள். 1 லிட்டர் பை 150 வேண்டுமானால் நாலரை கிலோ தேவை, 5 கிலோ வாங்குவது பத்திரம். அடியில் வெடிக்காத மணி நிறையத் தங்கினால் பெரும்பாலும் சோளம் உலர்ந்துபோனதுதான் காரணம். மணிக்குள் 14 சதவீத அளவு ஈரம் இருந்தால்தான் அது ஆவியாகி ஓட்டை உடைக்கும். பிரித்த பையை வாரக்கணக்கில் திறந்து வைத்திருந்தால் இப்படி ஆகும். பொரி தொண்டையில் அடைக்கக் கூடியது, 4 வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்குத் தர வேண்டாம் என்று அட்டையில் எழுதுங்கள்.

காசு வாங்கும் கை உணவைத் தொடக் கூடாது. இரண்டு வேலைக்கும் இரண்டு ஆள் வையுங்கள். சமைத்த பண்டம் எதையாவது சேர்த்தால் சூடானது 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும் குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில் 4 மணி நேரம் கிடந்ததைக் கொட்டிவிடுங்கள். என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியல் மேஜையில் இருக்கட்டும், ஒவ்வாமை உள்ள பிள்ளையின் பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான். மின்சாரத்தில் பொரிப்பதாக இருந்தால் நீட்டிப்பு ஒயரைச் சுருளிலிருந்து முழுக்க அவிழ்த்துவிடுங்கள். சுருட்டிய நிலையில் அதிக மின்சாரம் ஓடினால் உள்சுற்று சூடேறி உறை உருகும்.

சந்தை முடிந்ததும் கல்லாவில் இருந்த பணமும் கணக்கும் ஒத்துவரவில்லை. மாணவர்கள் மேல் பழி வருகிறது. இதை எப்படித் தவிர்ப்பது?

பழி சொல்லும் முன் கப்பை எண்ணுங்கள். காலையில் 200 கப் எண்ணி வைத்தீர்கள். மாலையில் 37 மிச்சம், உடைந்தது, கீழே விழுந்தது 5. விற்றவை 158. விலை 10 என்றால் 1,580 வந்திருக்க வேண்டும். கல்லாவில் மொத்தம் 1,960, அதில் காலையில் போட்ட தொடக்கச் சில்லறை 500. அப்படியானால் விற்பனைப் பணம் 1,460. இடிப்பது 120. பன்னிரண்டு கப்பின் காசு. ஸ்டாலில் நின்ற உறுப்பினர்கள் ஆளுக்கு ஒன்று குடித்திருப்பார்கள், அவ்வளவுதான்! அதனால்தான் இலவசக் கப்புக்கு ஒரு தாளில் கோடு போட்டு வைக்கச் சொல்கிறோம். கோடு இருந்தால் அது கணக்கு, இல்லாவிட்டால் சந்தேகம்.

கப் இல்லாத விளையாட்டு ஸ்டாலில் வரிசை எண் அச்சிட்ட டோக்கன் அதே வேலையைச் செய்யும். முதல் எண்ணும் கடைசி எண்ணும் தெரிந்தால் விற்பனை தெரிந்துவிடும்.

சில்லறைப் பிரச்சினையைப் பாதி குறைப்பது விலை நிர்ணயம். உங்கள் ஊரில் புழங்கும் ஒரே ஒரு நாணயம் அல்லது நோட்டுக்கு ஈடாக விலை வையுங்கள். 7, 8, 12 என்று வைத்தால் ஒவ்வொரு விற்பனைக்கும் சில்லறை எண்ண வேண்டிவரும். தொடக்கச் சில்லறையை இருவர் எண்ணி, எத்தனை நோட்டு, எத்தனை நாணயம் என்று தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டுப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் எல்லோரும் பெரிய நோட்டோடுதான் வருவார்கள், சில்லறை அப்போதுதான் தீரும். வாங்கிய நோட்டைச் சில்லறை கொடுத்து முடிக்கும்வரை பெட்டிக்குள் போடாமல் மேஜையில் கனமான பொருள் வைத்து அழுத்திவையுங்கள். ‘நான் கொடுத்தது பெரிய நோட்டு’ என்ற சண்டை இதோடு தீர்ந்துவிடும்.

மணிக்கு ஒரு முறை சேர்ந்த பணத்தை உறையில் போட்டு, நேரமும் தொகையும் எழுதி, பொறுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டு ரசீது வாங்குங்கள். எடுத்துப் போகும்போது எப்போதும் இருவர் போக வேண்டும். ஸ்டாலுக்கு அவசரமாக எதாவது வாங்கக் கல்லாவிலிருந்து காசு எடுத்தால் அந்த இடத்தில் ரசீதை வையுங்கள். இடிக்கும் கணக்குகளில் பெரும்பங்கு இப்படி எடுத்து மறந்த காசுதான்.

போனில் பணம் வாங்கலாமா? என் நண்பனின் கணக்குக்கு வாங்கிப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்கிறோம்.

நண்பனின் கணக்கு வேண்டாம். அவன் நல்லவன் என்பது வேறு விஷயம், அவனுடைய சொந்த வரவும் மன்றப் பணமும் கலந்துவிட்டால் எது எது என்று அவனாலேயே சொல்ல முடியாது. பள்ளியின் கணக்கு அல்லது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கணக்குக்கு நேராகப் போகட்டும். பணம் அனுப்பிவிட்டதாகப் பொருள் வாங்குபவர் தன் போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள், பழைய படத்தைக் காட்டினாலும் அப்படியேதான் இருக்கும். பணம் வந்தது அதைப் பெறும் கணக்கோடு இணைந்த போனில் தெரிய வேண்டும், அதனால் அந்தப் போன் ஸ்டாலிலேயே இருக்க வேண்டும். கூட்டம் கூடினால் சிக்னல் திணறும். ரொக்கம் வாங்கும் ஏற்பாட்டை விட்டுவிடாதீர்கள்.

மன்றத்தில் 12 பேர். காலையில் எல்லோரும் ஸ்டாலில் மொய்க்கிறார்கள், மதியம் ஒருவரும் இல்லை.

ஸ்டாலுக்கு எப்போதும் மூன்று பேர் வேண்டும்: கல்லா, பரிமாறுவது, வரிசையைப் பார்ப்பது. மூன்று பேர் 240 நிமிடம் என்றால் மொத்தம் 720 நிமிட வேலை. 12 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 60 நிமிடம். பிள்ளைகளும் சந்தையைச் சுற்றிப் பார்க்க வேண்டுமே, அதனால் இரண்டு 30 நிமிடங்களாகப் பிரித்து, பெயரோடு பட்டியல் ஒட்டுங்கள். மூவரும் ஒரே நேரத்தில் மாறக் கூடாது, 10 நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக மாறட்டும். கல்லா மாறும்போது மட்டும் பழையவரும் புதியவரும் சேர்ந்து எண்ண வேண்டும்.

முகத்தில் வண்ணம் தீட்டும் ஸ்டால் போட அக்ரிலிக் பெயின்ட் போதுமா?

கூடவே கூடாது. ‘நச்சு இல்லை’ என்று டப்பாவில் போட்டிருந்தாலும் அக்ரிலிக் தோலுக்கானது அல்ல. காய்ந்து இறுகும், உரித்தெடுக்கும்போது தோல் சிவக்கும். முகத்துக்கென்றே விற்கும், நீரில் கரையும் வண்ணம்தான் வாங்க வேண்டும். முன்கையில் ஒரு பொட்டு வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தீட்டுங்கள். புண், சிரங்கு, கண்சிவப்பு இருந்தால் மறுத்துவிடுங்கள். ஸ்பாஞ்சை வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு, பிறகு குப்பைக்கு. முழு முகம் 10 நிமிடம் எடுக்கும். கன்னத்தில் ஒரு நட்சத்திரம், ஒரு வண்ணத்துப்பூச்சி என்று ஆறு படம் மட்டும் அட்டையில் காட்டி அதிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னால் 2 நிமிடம்தான். ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டால் டிராகன் வேண்டும் என்பான்.

பழைய புத்தக ஸ்டாலில் பாதிக்கு மேல் அப்படியே மிஞ்சுகிறது.

ஒவ்வொன்றுக்கும் தனி விலை ஒட்டியிருப்பீர்கள். மூன்றே விலை, மூன்று வண்ணப் பொட்டு போதும். புத்தகங்களைப் படுக்கவைத்து அடுக்கினால் மேலே உள்ளதைத் தவிர எதுவும் கண்ணில் படாது. அட்டைப் பெட்டியில் முதுகு மேலே தெரியும்படி நிறுத்துங்கள், பிள்ளைகளின் புத்தகங்களை மட்டும் முன்னட்டை தெரிய, அவர்கள் கை எட்டும் உயரத்தில் வையுங்கள். கடைசி 45 நிமிடத்தில் ‘பை நிறைய ஒரே விலை’ என்று ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்லுங்கள். அதற்கு முன்பே சொல்லிவிட்டால் அதுவரை யாரும் வாங்க மாட்டார்கள். அப்படியும் மிஞ்சியதை எடுத்துப்போக ஒரு நூலகத்திடமோ பழைய தாள் கடைக்காரரிடமோ முன்கூட்டியே பேசிவையுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பெட்டிகள் அடுத்த ஆண்டுவரை மன்ற அறையில்தான் கிடக்கும்.